பொம்மிடியில் ஏறும் தங்கச்சி மகள்

என் வாயைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் கிடையாது. மொரப்பூரில் ரயில் ஏறினால் சேலத்தில் இறங்கும்வரை அது மூடாது. சாயங்காலம் திரும்பும்போதும் அதே கதைதான். கட்டின புருஷன், "நீ வூட்டுக்கு வர்றப்ப பேட்டரி தீந்துதான வர்ற, எனக்கு அதுபோதும்" என்பார்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியில் பாக்கெட் போடும் வேலை எனக்கு. பதினான்கு வருஷமாக சீசன் டிக்கெட். கடைசியிலிருந்து மூன்றாவது பெட்டி எங்களுடையது. ரயில்வேக்காரர்கள் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை, நாங்களாக வைத்துக்கொண்டது. கூட்டத்தில் நிரந்தர உறுப்பினர்கள் நான்கு பேர். நான் ஜோஸ்பின். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வாட்ச்மேனாக இருக்கும் கஸ்பார் அண்ணன். வக்கீல் ஆபீஸில் டைப் அடித்து அடித்துத் தன்னையே பாதி வக்கீல் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பச்சியப்பன். நாங்கள் மூவரும் மொரப்பூர். நான்காவது ஆள் பொம்மிடியில் ஏறும் நிர்மலாதேவி.

ரயிலில் இடம் பிடிப்பதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. வெறுமனே பையைப் போட்டு வைத்தால் எவனும் மதிக்க மாட்டான். அதைத் தூக்கி நம் மடியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். கூட வேலை செய்கிறவர் வருகிறார் என்றாலும் பருப்பு வேகாது. "எங்க அத்தை ஏறுவாங்க", "மச்சான் வர்றாரு" என்றால் மட்டும் ஒரு தயக்கம் வரும். அதனால் எங்கள் பெட்டியில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். கஸ்பார் அண்ணனுக்கு மட்டும் நான்கு மச்சான்கள், அதில் ஒருவர் பாய். பச்சியப்பன் எனக்குக் கூடப்பிறந்த தம்பி. யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. பாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை.

நிர்மலா இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை முதன்முதலாக ஏறினாள். அஞ்சு ரோடு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் புது வேலை. பயத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை போல. லோகூர் காட்டுக்குள் வண்டி வளைந்து வளைந்து போனபோது நின்றபடியே மயங்கி என் மேல் சரிந்தாள். இடம் கொடுத்து, என் டப்பாவிலிருந்து இரண்டு இட்லியும் கொடுத்தேன். மறுநாள் அவளுக்காகப் பையைப் போட்டு வைத்தேன். ஒரு தடித்த ஆள் வந்து யாருக்கு என்று அதட்டினான். "என் தங்கச்சி மகளுக்கு. பொம்மிடியில ஏறுவா" என்றேன். எனக்குத் தங்கச்சியே கிடையாது. ஏறிய பெண் நிலைமையைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "தள்ளி உக்காருங்க பெரியம்மா" என்றாள். அவள் வெற்றிலை பாக்கு வைத்து மாரியம்மனைக் கும்பிடுகிற வீட்டுப் பெண். நான் கழுத்தில் ஜெபமாலை போட்டவள். அந்த ஆள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்து போனான்.

முதலில் இடத்துக்காகப் பெரியம்மா. அப்புறம் போனிலும் பெரியம்மா. எனக்கு இரண்டும் பையன்கள். ஒருத்தன் திருப்பூர், ஒருத்தன் பெங்களூர். போன் செய்தால், "ம், சாப்ட்டேன், வெச்சிடவா" என்பார்கள். இந்தப் பெண்தான் என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பிரசர் பார்த்து, மாத்திரையை வேளாவேளைக்குப் போடவைத்தவள். மாத்திரையை மறந்த அன்று என்னிடம் சேலம் வரைக்கும் பேச மாட்டாள். என்னைப் பேசாமல் இருக்கவைத்த ஒரே ஆள் இந்த உலகத்தில் அவள்தான்.

அவளைத்தான் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஒருத்தன் காரில் கடத்திக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை காலை பொம்மிடியில் அவள் ஏறவில்லை. பச்சியப்பன் செல்போனில் செய்தியைக் காட்டினான். பூவரசன் என்று ஒருத்தன், வயது இருபத்தேழு. பரிசோதனை நிலையத்து வாசலிலிருந்து காரில் ஏற்றியிருக்கிறான். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு டோல்கேட்டில் கார் நின்றபோது பெண் கதவைத் தட்டிக் கத்தியிருக்கிறது. அங்கேயே பிடித்துவிட்டார்கள். அவள் மேல் ஒரு கீறல் கிடையாது. மாதாவே என்று நான் அந்த இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஆனால் மறுநாளே பேச்சு திரும்பிவிட்டது. பூவரசன் போலீசில், நாங்கள் ஒரு வருஷமாகக் காதலிக்கிறோம், அவளாகத்தான் ஏறினாள் என்று சொல்லிவிட்டான். பக்கத்துக் கடை கேமராவில் அவள் ஓடிப்போய்த் தானாகக் கார் கதவைத் திறந்து உட்காருவது தெரிந்ததாம். முன்னே பின்னே தெரியாதவன் காரில் ஒரு பெண் ஓடிப்போய் ஏறுமா? அப்படியானால் இரண்டு பேருக்கும் எங்கே எப்போது பழக்கம்? போலீசுக்கு வந்த இதே கேள்வி ஊருக்கும் வந்துவிட்டது. எங்கள் பெட்டிக்கும் வந்தது.

அந்தப் பத்து நாளும் எங்கள் பெட்டியில் விசாரணைக் கமிஷன்தான். தலைவர் நான், வேறு யார்? கஸ்பார் அண்ணனுக்கு உலகத்தில் எதுவும் திருவிழாவில்தான் ஆரம்பிக்கும். மாசி மாதம் தீர்த்தமலைக்குக் குடும்பத்தோடு போய்வந்ததாக நிர்மலா சொன்னாளே, அங்கே கூட்டத்தில் இவன் பார்த்திருப்பான், பின்னாலேயே வந்திருப்பான் என்றார். மலையில் எந்தத் தீர்த்தத்துக்குப் பக்கத்தில் பார்த்திருப்பான் என்பதுவரை அவரிடம் விவரம் இருந்தது. இத்தனைக்கும் அவர் அந்த மலை ஏறினதே இல்லை. பச்சியப்பன் இதையெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டான். பையன் ரத்தப் பரிசோதனைக்கு வந்திருப்பான், ஊசி குத்தும்போது வலிக்குதா என்று இவள் கேட்டிருப்பாள், அதைப் பிரியம் என்று எடுத்துக்கொண்டிருப்பான் என்று சட்ட நுணுக்கத்தோடு நிரூபித்தான். நான் என் பங்குக்கு, அவன் செல்போன் ரிப்பேர் செய்கிறவனாக இருப்பான், இவள் போனைக் கொடுத்தபோது நம்பரை எடுத்திருப்பான் என்று கண், காது, மூக்கு வைத்துச் சொன்னேன். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட எங்களை விட்டால் ஆளில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் மூவருடைய கதையிலும் நிர்மலாமேல் தப்பு இருக்காது. அப்படித் தப்பு வந்துவிடாத கதையாகத் தேடித் தேடித்தான் பின்னிக்கொண்டிருந்தோம். அவள் மேல் எங்களுக்கு அவ்வளவு பிரியம்.

ஆனால் என்னிடம் ஒன்று இருந்தது, அதை நான் கமிஷனில் வைக்கவில்லை. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து பத்துக்கு நிர்மலாவிடமிருந்து எனக்கு மூன்று மிஸ்டு கால் வந்திருந்தது. மண்டியில் வேலை நேரத்தில் எங்கள் போனையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்துக் கூப்பிட்டபோது அவள் போன் அணைந்திருந்தது. மறுநாள் செய்தியைப் பார்த்ததிலிருந்து அந்த மூன்று காலும் என்னை அரித்தது. போய்வருகிறேன் பெரியம்மா என்று சொல்லத்தான் கூப்பிட்டாளோ? அவளாகத்தான் போனாளோ? வெளியே அவளுக்காக ஊரோடு சண்டை போட்டேன். உள்ளே நானும் சந்தேகப்பட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

இதற்கிடையில் அவள் வீட்டு நிலவரம் ஆள்மூலம் வந்துகொண்டிருந்தது. அவள் போனைக் காரிலேயே பிடுங்கி எறிந்துவிட்டானாம், அதனால் பேச வழியில்லை. அப்பா முனியப்பன் வேலையை விடச்சொல்லிவிட்டார். கேசை வாபஸ் வாங்கிப் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று பெரிய மனிதர்கள் வந்து போகிறார்கள். அவசரமாக மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார்கள். பாலக்கோடு பக்கம் மனைவியை இழந்த ஒருத்தர், நாற்பது வயது. வருகிற புதன்கிழமை நிச்சயதார்த்தம். அவளுக்கு இருபத்து நான்கு.

பதினோராம் நாள் திங்கட்கிழமை. வண்டி மொரப்பூரை விட்டதும் பச்சியப்பன் குரலைத் தாழ்த்தினான். அவன் வக்கீலின் ஜூனியருக்குத் தெரிந்தவர் வழியாக, நிர்மலா போலீசில் சொன்னது என்ன என்று தெரிந்துகொண்டு வந்திருந்தான். பெரியம்மாவுக்குப் பிரசர் ஏறி நெஞ்சுவலி, ஜங்ஷனில் விழுந்துவிட்டார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று அவன் வந்து சொன்னானாம். அதனால்தான் ஏறினேன் என்றாளாம்.

"அதுல பாருங்க, அங்கதான் கேஸ் படுத்துடுச்சு," என்றான் பச்சியப்பன். "அவங்க அம்மாவுக்குக் கூடப்பொறந்தது ரெண்டும் தம்பிங்க. அப்பா ஒத்தப் புள்ள. ஊர்ல பெரியம்மா முறை ஆவறவங்க அத்தன பேரும் நல்லாத்தான் இருக்காங்க. எந்தப் பெரியம்மான்னு அவங்க அப்பாவே கேட்டிருக்காரு. பாப்பா வாயத் தொறக்கல. பொய் சொல்றான்னு முடிவு பண்ணிட்டாங்க."

பச்சியப்பன் போனில் அந்தப் பூவரசன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். செய்தியில் வந்தபோது முகம் மங்கலாக இருந்தது. இது யாரோ பகிர்ந்த தெளிவான படம். வலது காதில் சின்னக் கடுக்கன்.

தெரிந்தது. தை மாதத்தில் ஒரு நாள் அவன் என் எதிரே நின்று, "இங்க ஆள் வருதாம்மா?" என்று மரியாதையாகக் கேட்டான். என் தங்கச்சி மகள், பொம்மிடியில் ஏறுவாள் என்றேன். பரவாயில்லை என்று நின்றுகொண்டே வந்தான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று எனக்கு மனசு குளிர்ந்து, பையிலிருந்து கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் அடிக்கடி எங்கள் பெட்டிக்கு வந்தான். நிர்மலா ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிவிடுவாள், மற்ற இருவரும் செல்போனில் மூழ்கியிருப்பார்கள். அவன் கேட்காததற்குக்கூட நான் பதில் சொன்னேன். என் தங்கச்சி மகள் எங்கே வேலை செய்கிறாள், எத்தனை மணிக்கு விடுவார்கள், என் பிரசரை அவள் எப்படிப் பார்த்துக்கொள்கிறாள், நான் என்றால் அவளுக்கு உயிர். எல்லாம் நான் சொன்னதுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் அந்தப் பெண்ணைக் கெடுத்திருக்கிறேன்.

அந்த மூன்று காலும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நெஞ்சுவலி என்றதும் உண்மையா என்று என்னைத்தான் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். நான் எடுக்கவில்லை. எடுக்காததால் நம்பிவிட்டாள்.

கஸ்பார் அண்ணனிடமும் பச்சியப்பனிடமும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கஸ்பார் அண்ணன் வாட்ச்மேன் தொப்பியை உருட்டிக்கொண்டே, கோர்ட்டு வாசல் ஏறினால் வருஷக்கணக்கில் இழுப்பார்கள், மண்டியில் வேலை போய்விடும், அந்தப் பெண்ணின் அப்பாவே உன்னை அடிக்க வருவார், யோசித்துச் செய் என்றார். பச்சியப்பன், சட்டப்படி உங்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார்கள் என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பத்து நாளாக ஊரான் கதையையெல்லாம் அலசினோமே, அப்போது எவரும் யோசித்துச் செய் என்று சொல்லவில்லையே என்று கத்தினேன். பொம்மிடி வந்தது. பதினான்கு வருஷத்தில் லீவே போடாத நான் இறங்கிவிட்டேன். வண்டி நகரும்போது கஸ்பார் அண்ணன் ஜன்னல் வழியாக, "மாத்திரை போட்டியா?" என்று கேட்டார்.

ஷேர் ஆட்டோவில் ஏறி ஊர்ப்பெயரைச் சொன்னதும், "அந்தக் கடத்தல் பொண்ணு வூடுங்களா?" என்றான் டிரைவர். இரண்டு பேருக்கும் சந்தைப்பேட்டை ஜூஸ் கடையில்தான் பழக்கம் என்று அவனிடமும் ஒரு கதை தயாராக இருந்தது. கண்ணால் கண்டானாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நேற்றுவரை நானும் இதே வேலையைத்தான் பார்த்தேன் என்பதால் அவனை ஒன்றும் சொல்லாமல் வந்தேன். இறங்கும்போது மட்டும், ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

முனியப்பன் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டார். மொரப்பூர் ஜோஸ்பின், உங்கள் மகளோடு ரயிலில் வருகிறவள் என்றேன். யாரும் பார்க்கக் கூடாது, போய்விடுங்கள் என்று திரும்பிக்கொண்டார். வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி தீர்த்தம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஒரே ஒரு வார்த்த கேளுங்க, அப்பறம் அடிக்கறதுன்னாலும் அடிங்க," என்றேன். "உங்க பொண்ணு சொன்ன பெரியம்மா நான்தாங்க."

அவர் கை நின்றது. நான் அங்கேயே சாணிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இடத்துக்காகச் சொன்ன பொய், கொய்யாப்பழம், அந்தப் பையனிடம் நான் அளந்தது. போனை எடுத்து அந்த மூன்று மிஸ்டு காலையும் காட்டினேன். வியாழக்கிழமை, ஐந்து பத்து, ஐந்து பதினொன்று, ஐந்து பதினொன்று. பேர் வந்த இடத்தில் நிர்மலா கண்ணு என்று போட்டிருந்தது. அவர் கையைத் துண்டில் துடைத்துவிட்டுப் போனை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார். திரும்பவும் படித்தார். அவனுக்கும் உங்கள் மகளுக்கும் எந்தப் பேச்சும் கிடையாது, எல்லாம் என் மூலமாகத்தான் அவனுக்குப் போனது, எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தண்ணித்தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பதினோரு நாளா எம் பொண்ணு மொகத்தப் பாக்காம சோறு துன்னுகிட்டு இருக்கறேங்க," என்றார். "எந்தப் பெரியம்மாடின்னு ஸ்டேஷன்ல எல்லார் முன்னாடியும் நான்தாங்க கேட்டேன்."

பிறகு எழுந்து, வெள்ளைச் சட்டையை எடு, ஸ்டேஷனுக்குப் போகணும் என்று மனைவியிடம் சொன்னார். பாலக்கோட்டுக்காரருக்குப் போன் போட்டுப் புதன்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிடு என்றும் சொன்னார். தீர்த்தம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார்.

பேச்சுக் குரல் கேட்டு நிர்மலா வெளியே வந்தாள். பதினோரு நாளில் பாதியாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் நேராக வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். ரயிலில் எப்போதும் பார்ப்பதுபோல, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே பார்த்தாள்.

என் பேரைச் சொல்லியிருக்கலாமே கண்ணு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கையை விடவில்லை.

"உங்க பிரசர் அவனுக்கு எப்பிடித் தெரியும்னு அப்பவே யோசிச்சிட்டேங்க பெரியம்மா. நீங்க சொல்லாம தெரிஞ்சிருக்காது. பேரச் சொன்னா உங்களயும் ஸ்டேஷன்ல உக்கார வெச்சிக் கேப்பாங்க. உங்களாலதான் வந்துச்சுன்னு தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்க."

அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. நாங்கள் பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் அவளுக்குக் காரிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, நாற்பது வயதுக்காரருக்குக் கழுத்தை நீட்டத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. என்னைத் திட்டடி, ஒரு வார்த்தையாவது திட்டு என்றேன்.

"கார் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பாம ஓமலூர் ரோட்டுல போனதும் பொய்னு தெரிஞ்சு போச்சுங்க," என்றாள். "பயம் அப்பறம்தான் வந்துச்சு. மொதல்ல வந்தது, அப்பாடா, பெரியம்மாவுக்கு ஒண்ணுமில்லங்கற நெனப்புதான்."

சேலம் வரைக்கும் மூடாத வாய் எனக்கு. அன்றைக்கு அதில் ஒரு வார்த்தை வரவில்லை. அவளுடைய அப்பா வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.